என் பொது ஐபி முகவரி தெரிந்த ஒருவருக்கு என் இணைப்பைப் பற்றி என்னவெல்லாம் தெரியும்?

கேள்வி: சாரல்வெளி

அனைவருக்கும் வணக்கம். நான் தென்காசி மாவட்டத்தில் பள்ளி ஆசிரியையாகப் பணிபுரிகிறேன். பிளஸ் டூ படிக்கும் என் மகன் ஓய்வு நேரத்தில் இணைய விளையாட்டு ஆடுவது வழக்கம். அண்மையில் ஆட்டத்தில் அவனிடம் தோற்ற ஒருவர், ஓர் ஐபி முகவரியை அனுப்பி, "இது உன்னுடையதுதானே, இதை வைத்து உன் வீட்டைக் கண்டுபிடித்துவிட்டேன், நேரில் வந்து பார்த்துக்கொள்கிறேன்" என்று மிரட்டியிருக்கிறார். பையன் எங்களிடம் சொல்லாமல் சில நாள் சரியாகச் சாப்பிடாமலும் வாசலுக்கு வராமலும் இருந்ததைக் கவனித்து நான் விசாரித்த பிறகுதான் விஷயம் தெரிய வந்தது.

ஐபி முகவரியைக் காட்டும் இணையதளம் ஒன்றைத் திறந்து பார்த்தேன். அவர் அனுப்பிய அதே எண் அதிலும் இருந்தது. ஆனால் ஊர் என்ற இடத்தில் சென்னை என்று போட்டிருந்தது. நாங்கள் இருப்பதோ குற்றாலத்துக்குப் பக்கத்தில். நிறுவனத்தின் பெயரும் எங்களுக்கு ஃபைபர் இணைப்புக் கொடுத்த உள்ளூர் கேபிள்காரருடைய பெயராக இல்லை. அவர் யாரிடமிருந்து இணையம் வாங்குகிறாரோ அந்தப் பெரிய நிறுவனத்தின் பெயராக இருந்தது. அதே பக்கத்தில் எங்கள் பிரவுசரின் பெயர், கணினித் திரையின் அளவு ஆகியவையும் சரியாகக் காட்டப்பட்டதால் எனக்கு அச்சம் கூடிவிட்டது. பிறகு ரூட்டரின் அமைப்புப் பக்கத்துக்குள் சென்று பார்த்தால், வான் (WAN) ஐபி என்ற இடத்தில் 100.72 என்று தொடங்கும் வேறொரு எண் இருக்கிறது.

இந்த எண்ணை வைத்து வெளியார் ஒருவர் எங்கள் வீட்டைக் கண்டுபிடிக்க இயலுமா? ஊர் ஏன் தவறாக வருகிறது? இரண்டு எண்களில் எது எங்களுடையது? அவருக்கு அந்த எண் எப்படிக் கிடைத்திருக்கும்? விவரம் அறிந்தவர்கள் விளக்கினால், அதை அப்படியே மகனுக்குப் படித்துக் காட்ட விரும்புகிறேன்.

பதில்: கொங்குவலை

வணக்கம் அம்மா. இணையச் சேவை நிறுவனம் ஒன்றின் வலைப்பின்னல் பிரிவில் பணியாற்றுகிறேன். உங்கள் மகன் முதலில் அறிய வேண்டிய செய்தியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: அந்த எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு வெளியார் எவராலும் உங்கள் தெருவையோ வீட்டையோ கண்டுபிடிக்க இயலாது. நீங்கள் ரூட்டரில் பார்த்த 100.72 என்ற தொடக்கமே அதற்கு வலுவான சான்று.

ஐபிவி4 என்னும் பழைய முறையில் மொத்தம் ஏறத்தாழ 429 கோடி முகவரிகளே உண்டு. உலக அளவில் அவற்றைப் பகிர்ந்தளிக்கும் ஐயானா அமைப்பின் கையிருப்பு 2011 பிப்ரவரி 3 அன்று தீர்ந்தது. ஆசிய பசிபிக் பகுதிக்கான ஏபிநிக் அமைப்பு அதே ஆண்டு ஏப்ரல் 15 அன்று தன்னுடைய கடைசித் தொகுதியை எட்டியது. அதன் பிறகு ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பொது முகவரி தருவது புதிய நிறுவனங்களுக்கு இயலாத காரியமாகிவிட்டது. ஆகவே பல வீடுகளை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் வைக்கும் முறை பரவியது. இதைத்தான் சிஜிநாட் (CGNAT) என்கிறோம். அதற்கென்றே 2012 ஏப்ரலில் ஆர்எஃப்சி என்னும் இணையத் தொழில்நுட்ப ஆவண வரிசையின் 6598ஆம் ஆவணத்தின் வழியாக 100.64.0.0 முதல் 100.127.255.255 வரையிலான எண்கள் ஒதுக்கிவைக்கப்பட்டன. உங்கள் ரூட்டரில் இருக்கும் எண் இந்த வரம்புக்குள் வருகிறது. இது நிறுவனத்தின் வலைப்பின்னலுக்கு உள்ளே மட்டும் செல்லுபடியாகும் எண். வெளியுலகிலிருந்து இதை எவரும் அணுக முடியாது.

விளையாட்டு ஆடியவருக்குத் தெரிந்த எண், நிறுவனத்தின் சிஜிநாட் கருவி வெளிப்பக்கம் காட்டும் எண். மாணவர் விடுதியிலிருந்து போகும் எல்லாக் கடிதங்களிலும் விடுதியின் முகவரி மட்டும் இருந்து, அறை எண்ணை விடுதிக் காப்பாளர் தன் பதிவேட்டில் குறித்து வைத்திருப்பதைப் போன்ற ஏற்பாடு இது. எத்தனை வீடுகள் ஓர் எண்ணைப் பகிர்கின்றன என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். ஒரு முகவரியில் 65,536 போர்ட்டுகள் (ஒரே முகவரியில் ஓடும் இணைப்புகளைப் பிரித்தறியும் கிளை எண்கள்) உண்டு. வாடிக்கையாளர் ஒருவருக்கு 1,000 போர்ட் என்று ஒதுக்கினால் ஏறத்தாழ 64 பேரை ஓர் எண்ணுக்குப் பின்னால் வைக்கலாம். கைப்பேசி வலைப்பின்னல்களில் இந்த எண்ணிக்கை இன்னும் மிகுதியாக இருக்கக்கூடும்.

உள்ளூர் கேபிள்காரர்கள் பலர் 100.64 வரம்பைப் பயன்படுத்தாமல் 10 என்று தொடங்கும் எண்ணையோ 172.16 முதல் 172.31 வரை தொடங்கும் எண்ணையோ கொடுப்பதுண்டு. அவை 1996இல் வெளிவந்த ஆர்எஃப்சி 1918 தனிப்பட்ட வலைப்பின்னல்களுக்கு ஒதுக்கிய எண்கள். வீட்டு வைஃபைக்குள் நாம் வழக்கமாகக் காணும் 192.168 என்பதும் அந்த வகையே. படிப்பவர்கள் எவரும் தம் இணைப்பைச் சோதிக்க விரும்பினால் வழி எளிது. ரூட்டரின் வான் எண்ணும் (ரூட்டர் தன் வெளிப்பக்கத்தில் பெறும் எண்) இணையதளம் காட்டும் எண்ணும் ஒன்றாக இருந்தால் அந்தப் பொது முகவரி அந்த நேரத்தில் உங்கள் ஒருவருக்கே உரியது. வேறுபட்டிருந்து, வான் எண் நான் மேலே சொன்ன வரம்புகளுள் ஒன்றில் இருந்தால் நீங்கள் பகிர்வு முகவரியில் இருக்கிறீர்கள். வேறுபாட்டுக்குக் கணினியில் ஓடும் விபிஎன் (போக்குவரத்தை வேறொரு சர்வர் வழியாகத் திருப்பிவிடும் சேவை) காரணமாக இருக்கலாம் என்பதால், சோதிக்கும் முன் அதை நிறுத்திவிடுங்கள்.

அப்படியானால் அந்த எண் என்னதான் சொல்கிறது? அது எந்த நிறுவனத்துக்கு ஒதுக்கப்பட்டது என்பதை உறுதியாகச் சொல்கிறது. ஹூயிஸ் என்ற பொதுப் பதிவேட்டில் எவரும் தேடிப் பார்க்கலாம். அதில் நிறுவனத்தின் பெயர், அதன் அலுவலக முகவரி, முறைகேடுகளைப் புகார் செய்வதற்கான மின்னஞ்சல் ஆகியவை இருக்கும். இந்தியாவில் இந்த ஒதுக்கீட்டைச் செய்யும் இரின் என்ற பதிவகம் நிக்ஸி என்னும் இந்தியத் தேசிய இணையப் பரிமாற்ற அமைப்பின் கீழ் இயங்குகிறது. மிரட்டியவர் ஹூயிஸில் தேடியிருந்தால் அவருக்கு ஒரு கதவு எண்ணும் தெருப் பெயரும்கூடக் கிடைத்திருக்கும். அது உங்கள் வீட்டினுடையது அன்று, நிறுவனத்தின் அலுவலகத்தினுடையது. அதை வீட்டு முகவரி என்று எண்ணிக்கொள்பவர்களை நான் பணியில் அடிக்கடி பார்க்கிறேன்.

நிறுவனப் பெயரோடு, அந்த எண் எந்தத் தன்னாட்சி அமைப்பை (ஒரே நிர்வாகத்தின் கீழ் இயங்கும் வலைப்பின்னலை) சேர்ந்தது என்பதும் தெரியும். ஒவ்வொரு பெரிய வலைப்பின்னலுக்கும் ஓர் ஏஎஸ் எண் உண்டு: ஜியோவினுடையது 55836, பிஎஸ்என்எல் நிறுவனத்தினுடையது 9829. இதிலிருந்து இணைப்பு வீட்டு இணைப்பா, கைப்பேசி இணைப்பா, டேட்டா சென்டரில் உள்ள சர்வரா என்பதைப் பெரும்பாலும் ஊகித்துவிடலாம். விபிஎன் வழியாக வரும்போது சில வங்கித் தளங்களும் படம் பார்க்கும் தளங்களும் நம்மை மறுப்பதற்கு இதுதான் காரணம். எண் டேட்டா சென்டருக்கு உரியது என்று அவற்றுக்குத் தெரிந்துவிடுகிறது. சில நிறுவனங்கள் தம் எண்களுக்குப் பின்திசைப் பெயர்ப் பதிவும் (எண்ணைக் கொடுத்தால் பெயரைக் காட்டும் பதிவு) வைத்திருக்கும். அந்தப் பெயருக்குள் ஸ்டேட்டிக் (மாறாதது), டைனமிக் (மாறுவது) போன்ற சொற்களோ ஊரின் சுருக்கப் பெயரோ இருந்தால் அதுவும் ஒரு தடயம். நம் ஊர் இணைப்புகளில் பெரும்பாலும் அந்தப் பதிவே இருப்பதில்லை.

நீங்கள் அஞ்சிய மற்றொன்று: பிரவுசரின் பெயரும் திரையின் அளவும் ஐபி முகவரியிலிருந்து வந்தவை அல்ல. ஓர் இணையதளத்தைத் திறக்கும்போது உங்கள் பிரவுசரே அவற்றை அந்தத் தளத்துக்குத் தெரிவிக்கிறது. எண்ணை மட்டும் வைத்திருப்பவருக்கு அவற்றுள் ஒன்றும் தெரியாது. பார்ப்பவரை வியக்க வைப்பதற்காக இரண்டையும் ஒரே பக்கத்தில் கலந்து காட்டும் தளங்கள் மக்களை வீணாக அச்சுறுத்துகின்றன என்பது என் உறுதியான கருத்து.

அவருக்கு எண் எப்படிக் கிடைத்தது என்று கேட்டீர்கள். சில விளையாட்டுகளிலும் சில குரல் அழைப்புச் செயலிகளிலும் இருவரின் கருவிகள் இடையில் சர்வர் இல்லாமல் நேரடியாகப் பேசிக்கொள்ளும். அப்போது எதிர்ப்பக்கத்தின் எண்ணைப் பார்ப்பது கடினமான செயல் அன்று. வாட்ஸ்அப் நிறுவனம் இதற்காகவே 2023 நவம்பரில், அழைப்புகளைத் தன் சர்வர் வழியாகத் திருப்பிவிட்டு ஐபி முகவரியை மறைக்கும் வசதியைத் தனியுரிமை அமைப்புகளில் சேர்த்தது. அதை இயக்கி வையுங்கள். இன்னொரு வழி, வருபவர்களின் எண்ணைப் பதிந்துகொள்ளும் இணைப்பு ஒன்றை அரட்டையில் அனுப்பி அழுத்தச் செய்வது. அப்படி ஏதேனும் வந்ததா என்று மகனிடம் பொறுமையாகக் கேட்டுப் பாருங்கள்.

பதில்: வடமராட்சி

ஊர் ஏன் தவறாக வருகிறது என்ற கேள்விக்கு மட்டும் எழுதுகிறேன். நான் யாழ்ப்பாணத்தில் இருக்கிறேன். எனது இணைப்பைப் பெரும்பாலான தளங்கள் கொழும்பு என்றே காட்டும். குற்றாலத்துக்குச் சென்னை எப்படியோ எங்களுக்குக் கொழும்பு அப்படி.

ஐபி முகவரிக்குள் ஊர் என்ற தகவல் எதுவும் பொதிந்திருக்கவில்லை. தளங்கள் காட்டும் ஊர், மேக்ஸ்மைண்ட் போன்ற நிறுவனங்கள் தொகுத்து விற்கும் தரவுத்தளங்களிலிருந்து எடுக்கப்படுகிறது. அவர்கள் பதிவேட்டில் உள்ள முகவரியையும், சேவை நிறுவனங்கள் தாமாக வெளியிடும் இடப் பட்டியல்களையும், வேறு பல குறிப்புகளையும் சேர்த்து ஊகிக்கிறார்கள். நாடு பெரும்பாலும் சரியாக இருக்கும். ஊர் என்று வரும்போது, சேவை நிறுவனத்தின் போக்குவரத்து எந்த நகரத்தில் வெளியுலகைத் தொடுகிறதோ அந்த நகரமே பெரும்பாலும் வரும்.

இந்த ஊகத்தை உண்மை என்று நம்பியதால் விளைந்த துன்பத்துக்கு அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்தில் போட்வின் என்ற சிற்றூருக்கு அருகே உள்ள பண்ணை வீடு சாட்சி. அமெரிக்காவுக்குள் இருக்கிறது, வேறொன்றும் தெரியாது என்ற நிலையில் இருந்த எண்களுக்கு மேக்ஸ்மைண்ட் நிறுவனம் நாட்டின் நடுப்பகுதியில், வடக்கு 38 பாகை, மேற்கு 97 பாகை என்று முழு எண்களாக்கிய ஒரு புள்ளியைக் கொடுத்து வைத்தது. அந்தப் புள்ளி இந்தப் பண்ணையில் விழுந்தது. 60 கோடிக்கும் மேற்பட்ட முகவரிகள் அந்த ஒரு வீட்டைச் சுட்டின. இணையத்தில் ஏமாற்றப்பட்டவர்கள், திருடுபோன கைப்பேசியைத் தேடியவர்கள், காவல்துறையினர், எஃப்பிஐ அதிகாரிகள் எனப் பலரும் ஆண்டுக்கணக்கில் அங்கே வந்து நின்றார்கள். 2016 ஏப்ரலில் செய்தியாளர் ஒருவர் காரணத்தைக் கண்டறிந்து எழுதிய பிறகே அந்த நிறுவனம் புள்ளியை ஒரு நீர்நிலையின் நடுவே நகர்த்தியது. பாதிக்கப்பட்டவர்கள் அதே ஆண்டில் வழக்கும் தொடுத்தார்கள். வரைபடத்தில் ஒரு புள்ளியைக் காட்டும் தளம், அந்தப் புள்ளியைச் சுற்றி எத்தனை கிலோமீட்டர் பிழை இருக்கலாம் என்பதையும் காட்டியே தீர வேண்டும். பல தளங்கள் இன்றும் அதைக் காட்டுவதில்லை.

சில தளங்கள் வீட்டின் கூரையையே சரியாகக் காட்டுவதாகச் சொல்வார்கள். அப்போது பிரவுசர் "உங்கள் இருப்பிடத்தை அறிய அனுமதிக்கலாமா" என்று கேட்டு, அவர்கள் அனுமதித்திருப்பார்கள். அந்தத் தகவல் சுற்றியுள்ள வைஃபைகளையும் ஜிபிஎஸ் கருவியையும் கொண்டு பெறப்படுவது. ஐபி முகவரிக்கும் அதற்கும் தொடர்பில்லை.

சாரல்வெளி

இருவருக்கும் என் மனமார்ந்த நன்றி. விடுதி எடுத்துக்காட்டைப் படித்துக் காட்டியபோது மகனின் முகம் தெளிந்தது. அவர் அனுப்பிய ஓர் இணைப்பை அழுத்தியதாகவும் இப்போது சொல்கிறான்.

ஒரு சந்தேகம் மீதம் இருக்கிறது. வீட்டு வைஃபையில் சோதிக்கும்போது ஐபிவி6 என்ற இடம் காலியாக இருக்கிறது. ஆனால் வைஃபையை நிறுத்திவிட்டுக் கைப்பேசியின் டேட்டாவில் சோதித்தால், எண்களும் ஆங்கில எழுத்துகளும் கலந்த நீண்ட முகவரி ஒன்று கூடுதலாக வருகிறது. மகன் பல நேரங்களில் கைப்பேசி டேட்டாவிலும் ஆடுவான். அந்த நீண்ட முகவரியும் பகிர்வு முகவரிதானா?

பதில்: ஆறாம்பதிப்பு

நல்ல கேள்வி கேட்டீர்கள். கொங்குவலை அவர்கள் எழுதியது ஐபிவி4க்கு முற்றிலும் பொருந்தும். ஐபிவி6 என்னும் புதிய முறைக்கு அதை அப்படியே நீட்டிக்கக் கூடாது. இந்தியாவில் கைப்பேசி வலைப்பின்னல்கள் மிகப் பரவலாக ஐபிவி6க்கு மாறிவிட்டன, எனவே இதைத் தனியாகவே பேச வேண்டும்.

ஐபிவி6 முகவரி 128 பிட் நீளமுள்ளது. எண்களுக்குப் பஞ்சமே இல்லாததால் பகிர வேண்டிய தேவையும் இல்லை. நீங்கள் பார்த்த நீண்ட முகவரி, அந்த நேரத்தில் அந்தக் கைப்பேசி ஒன்றுக்கே உரியது. அதன் முற்பாதியான 64 பிட்டுகள் இணைப்பைக் குறிக்கின்றன. பிற்பாதி கருவியைக் குறிக்கிறது. முற்பாதியின் தொடக்கத்திலிருந்தே நிறுவனம் தெரிந்துவிடும். 2401:4900 என்று தொடங்கினால் அது ஏர்டெல்.

பிற்பாதியில் முன்பு ஒரு பெருங்குறை இருந்தது. கருவியின் வலைப்பின்னல் அட்டைக்குத் தொழிற்சாலையில் பதிக்கப்பட்ட மேக் எண்ணை நடுவில் பிளந்து, இடையில் எஃப்எஃப், எஃப்ஈ என்ற இரு குறிகளைச் செருகி அப்படியே முகவரியில் வைத்துவிடுவார்கள். அப்படிப்பட்ட கருவி எந்த ஊருக்குப் போய் எந்த வைஃபையில் சேர்ந்தாலும் அதன் பிற்பாதி மாறாது. அதைத் தயாரித்த நிறுவனம் எது என்பதும் வெளிப்படும். இதற்கு மாற்றாக, அவ்வப்போது புதிதாகும் தற்காலிகப் பிற்பாதியை உருவாக்கும் முறை 2001இல் ஆர்எஃப்சி 3041 என்று வெளிவந்து, 2007இலும் 2021இலும் திருத்தப்பட்டது. இன்றைய கைப்பேசிகளும் கணினிகளும் இந்த முறையையே பின்பற்றுகின்றன. பழைய கேமராக்கள், பிரிண்டர்கள், மலிவான வீட்டுக் கருவிகள் ஆகியவற்றில் பழைய முறை இன்னும் இருக்கக்கூடும். முகவரியின் பிற்பாதி நடுவில் அந்தக் குறிகள் தெரிந்தால் அடையாளம் கண்டுகொள்ளலாம்.

ஆனால் பிற்பாதி மாறிக்கொண்டே இருந்தாலும் முற்பாதி மாறாத வரையில் அது அதே வீடு என்று ஓர் இணையதளத்தால் சொல்லிவிட முடியும். தந்தையும் மகளும் வெவ்வேறு கருவிகளில் வந்தாலும் ஒரே வீட்டினர் என்பது தெரியும். இவ்வகையில் ஐபிவி6 வீட்டு இணைப்பு, பகிரப்பட்ட ஐபிவி4 முகவரியைவிடக் கூடுதலாகவே காட்டிக்கொடுக்கிறது. எனினும் வீடு எங்கே இருக்கிறது என்பதை அதுவும் சொல்வதில்லை. அந்தத் தகவல் நிறுவனத்தின் பதிவேட்டில் மட்டுமே இருக்கிறது.

வெளியிலிருந்து கருவியைத் தொட முடியுமா என்பது வேறு கேள்வி. சிஜிநாட்டுக்குப் பின்னால் இருக்கும்போது, உள்ளிருந்து நாம் தொடங்காத இணைப்பு நம்மை வந்தடைய வழியில்லை. தம் வீட்டு சிசிடிவி கேமராவை வெளியூரிலிருந்து நேரடியாகப் பார்க்க விரும்புவோர் போர்ட் ஃபார்வர்டிங் (வெளியிலிருந்து வரும் இணைப்பைக் கருவிக்குத் திருப்பிவிடும் ரூட்டர் அமைப்பு) செய்தும் பயனின்றித் தவிப்பது அதனால்தான். ஐபிவி6 வீட்டு இணைப்பில் அந்தத் தடுப்பு இயல்பாக இல்லை. ரூட்டரில் உள்ள ஃபயர்வாலே (வேண்டாத இணைப்புகளைத் தடுக்கும் அமைப்பு) அந்த வேலையைச் செய்ய வேண்டும். கேபிள்காரர் பின்னாளில் உங்களுக்கு ஐபிவி6 கொடுத்தால், ரூட்டர் பக்கத்தில் ஐபிவி6 ஃபயர்வால் இயங்குகிறதா என்று ஒரு முறை பார்த்துவிடுங்கள். கேமராவுக்காக யுபிஎன்பி வசதி (கருவிகள் தாமாகவே ரூட்டரில் வழி திறந்துகொள்ளும் வசதி) திறந்திருந்தால் அதையும் மூடிவிடுங்கள்.

பதில்: கொங்குவலை

ஆறாம்பதிப்பு அவர்கள் கூறியது சரி. ஐபிவி6ஐப் பற்றி நான் எழுதாமல் விட்டதை அவர் நிறைவு செய்துவிட்டார். விளையாடுவோர் அறிய வேண்டிய ஒன்றை மட்டும் இங்கே சேர்க்கிறேன். எண்ணைக் கையில் வைத்திருப்பவர் செய்யக்கூடிய உண்மையான தொல்லை, போலிப் போக்குவரத்தை அந்த எண்ணை நோக்கி வெள்ளமாக அனுப்பி இணைப்பை முடக்கிவிடுவது. சிஜிநாட் இணைப்பில் அது நிறுவனத்தின் கருவியைத் தாக்கும். நிறுவனம் அதைக் கண்டறிந்து தடுக்கும். ஆட்டத்தின் நடுவில் இணையம் திடீரென்று நின்றுபோனால் கேபிள்காரருக்குத் தகவல் சொல்லுங்கள்.

முகவரியைப் பகிர்வதால் நாம் செய்யாத தவற்றுக்கு நாம் தடுக்கப்படுவதும் உண்டு. 2007 புத்தாண்டை ஒட்டி விக்கிப்பீடியாவில் ஒரு முகவரியைத் தடை செய்தபோது கத்தார் நாடு முழுவதும் தடைக்கு உள்ளானது, ஏனென்றால் அந்நாட்டின் இணையப் போக்குவரத்து அனைத்தும் அந்த ஒரே எண்ணின் வழியாக வெளிவந்துகொண்டிருந்தது. "நான் மனிதன்தான்" என்று உறுதி செய்யச் சொல்லும் படப் புதிர்கள் கைப்பேசி டேட்டாவில் மிகுதியாக வருவதற்கும், அதே எண்ணில் இருக்கும் முன்பின் அறியாத யாரோ ஒருவரின் நடத்தை காரணமாக இருக்கலாம்.

பதில்: வைகைக்கரை வழக்குரைஞர்

மதுரையில் சைபர் வழக்குகளைக் கவனித்துவருகிறேன். ஐபி முகவரியிலிருந்து ஒரு மனிதரைக் கண்டறிவது சட்டப்படி எப்படி நடக்கிறது என்பதையும், அங்கே எவை பிழையாகக்கூடும் என்பதையும் சொல்ல வேண்டியிருக்கிறது.

சேவை நிறுவனம் தன் வாடிக்கையாளரின் பெயரையும் முகவரியையும் கேட்பவர்க்கெல்லாம் தருவதில்லை. விசாரணை அதிகாரி, 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக சுரக்ஷா சன்ஹிதாவின் 94ஆம் பிரிவின் கீழ் எழுத்துமூலம் கேட்க வேண்டும். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இது 91ஆம் பிரிவு. ஐபி பதிவுகளைக் குறைந்தது 2 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்று தொலைத்தொடர்புத் துறை 2021 டிசம்பரில் உரிமங்களைத் திருத்தியது. ஆகவே உங்கள் மகனை மிரட்டியவரால் உங்களைக் கண்டறிய இயலாது. ஆனால் காவல்துறையால் அவரைக் கண்டறிய இயலும். இந்த வேறுபாட்டை உங்கள் மகனுக்கு அழுத்திச் சொல்லுங்கள்.

ஆனால் எண் மட்டும் இருந்தால் காவல்துறைக்கும் போதாது. பகிர்வு முகவரியில் ஒரே நொடியில் பல வீடுகள் இருக்கும் என்பதால், எண்ணோடு துல்லியமான நேரமும் போர்ட் எண்ணும் தேவை. சர்வர்கள் போர்ட் எண்ணையும் பதிந்து வைக்க வேண்டும் என்று 2011லேயே ஆர்எஃப்சி 6302 பரிந்துரைத்தது. இன்றும் பல தளங்கள் அதைச் செய்வதில்லை. 2017 அக்டோபரில் ஐரோப்பிய ஒன்றியத்தின் காவல் ஒத்துழைப்பு அமைப்பான யூரோபோல், சிஜிநாட் முறையால் குற்றவாளிகளைப் பிரித்தறிய இயலவில்லை என்று வெளிப்படையாக முறையிட்டு, அந்த முறையைக் கைவிடுமாறு கேட்டுக்கொண்டது. நேரத்திலும் கவனம் வேண்டும்: வெளிநாட்டு சர்வரின் பதிவு பெரும்பாலும் உலகப் பொது நேரத்தில் இருக்கும், நம் நேரமோ அதைவிட 5 மணி 30 நிமிடம் முன்னால் இருக்கிறது. இதைக் கவனியாமல் கேட்டால் நிறுவனம் வேறொருவருடைய பெயரைத் தந்துவிடும்.

இது கற்பனையான அச்சம் அன்று. 2007 ஆகஸ்டு இறுதியில் பெங்களூரைச் சேர்ந்த மென்பொருள் பொறியாளர் ஒருவர், ஆர்குட் தளத்தில் சத்ரபதி சிவாஜியை அவமதிக்கும் படத்தை ஏற்றியதாகப் புனே காவல்துறையால் கைது செய்யப்பட்டார். ஐபி முகவரிக்கு உரியவர் என்று சேவை நிறுவனம் தந்த விவரம் தவறானது. எந்தக் குற்றமும் செய்யாத அவர் 50 நாட்கள் சிறையில் இருந்த பிறகே விடுவிக்கப்பட்டார். அந்த வழக்கை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமே மேலிடுகிறது. ஓர் எண்ணை ஒரு மனிதராகக் கருதிவிட்ட அவசரம் ஒருவரின் வாழ்க்கையை அந்த அளவுக்குக் குலைத்தது. ஐபி முகவரி அடிப்படையில் ஒருவரைக் கைது செய்யும் முன் வேறொரு சான்றும் இருக்க வேண்டும் என்பதை நான் தொடர்ந்து வலியுறுத்தி வருகிறேன்.

ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் 2016 அக்டோபர் 19 அன்று வழங்கிய தீர்ப்பில், மாறிக்கொண்டே இருக்கும் ஐபி முகவரிகூட, சேவை நிறுவனத்திடமுள்ள விவரத்தைச் சட்டவழியில் பெற ஓர் இணையதளத்துக்கு வாய்ப்பு இருக்கும்போது தனிப்பட்ட தகவலே ஆகும் என்று கூறியது. எண்ணைத் தனியாகப் பார்க்காமல், அதை யாருடைய பதிவேட்டோடு சேர்த்துப் பார்க்க இயலும் என்று பார்த்த அந்த அணுகுமுறை எனக்குச் சரியாகவே படுகிறது.

உங்கள் வழக்குக்கு வருகிறேன். மிரட்டல் செய்தியை அழித்துவிடாதீர்கள். நாளும் நேரமும் தெரியும்படி திரைப்பிடிப்பு எடுத்து, அனுப்பியவரின் விளையாட்டுக் கணக்கின் பெயரையும், அழுத்தப்பட்ட அந்த இணைப்பையும் குறித்து வையுங்கள். 1930 என்ற உதவி எண் பணமோசடிகளை உடனே தெரிவிப்பதற்காகப் பெரிதும் பயன்படுவது; மிரட்டல் புகாரைத் தேசிய சைபர் குற்றப் புகார் தளத்திலோ மாவட்ட சைபர் குற்றப் பிரிவிலோ எழுத்துமூலம் கொடுப்பது நல்லது. விளையாட்டு நிறுவனத்துக்கும் அதே நாளில் புகார் அனுப்புங்கள். அவர்களிடம் உள்ள பதிவுகள் அழிந்துபோகும் முன் காவல்துறை அவற்றைக் கேட்டுப் பெற அது உதவும்.

சாரல்வெளி

புகாரை எழுதிவிட்டோம், நாளை மாவட்டத் தலைமையிடத்தில் நேரில் கொடுக்கப் போகிறோம். இனி வேறு ஓர் எண்ணைப் பெறுவதற்காக ரூட்டரை அணைத்து ஏற்றினால் போதும் என்று உறவினர் ஒருவர் சொல்கிறார். அது உண்மையா?

பதில்: கொங்குவலை

உங்கள் இணைப்பில் அணைத்து ஏற்றினால் 100.72 என்று தொடங்கும் உள் எண் மாறக்கூடும். வெளி எண்ணும் மாறலாம், மாறாமலும் இருக்கலாம். சிஜிநாட் கருவி எந்த எண்ணிலிருந்து போர்ட்டுகளை ஒதுக்குகிறது என்பதைப் பொறுத்தது அது. மாறினாலும் புதிய எண் அதே நிறுவனத்தினுடையதாகவும் அதே நகரத்தைக் காட்டுவதாகவுமே இருக்கும். கைப்பேசி டேட்டாவில் விமானப் பயன்முறையைப் போட்டு எடுத்தால் ஐபிவி6 முகவரியின் முற்பாதி பெரும்பாலும் புதிதாகும். நாளை புகார் கொடுக்கும் வரை வெளி எண்ணையும் அதைப் பார்த்த நேரத்தையும் தாளில் எழுதி வைத்திருங்கள். அதன் பிறகு நீங்கள் விரும்பியபடி அணைத்து ஏற்றலாம்.